பிறை விழுந்த செம்பு

ஹோட்டல் இன்னும் திறக்கவில்லை. வரவேற்பு மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்கச் செம்பு. மெஷினில் அழுத்தியதல்ல, கையால் அடித்தது. உள்ளூர்க் கைவேலைதான் இந்த ஹோட்டலுக்கு முகம் என்று அலங்கார வேலையைப் பார்க்கும் மேடம் சொல்லியிருந்தார்.

அடிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் அண்ணன். அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். இன்னொருவன் அவருடைய தங்கை புருஷன். அவன் அடிக்கிற அடியைப் பார்த்து அவனுக்கு இடி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

தகடு சட்டத்தில் நிமிர்ந்து நிற்கும். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். முன்னால் நிற்பவர் லேசாக ஒரு தட்டுத் தட்டுவார். பின்னால் இருப்பவர் உள்ளங்கையைத் தகட்டில் வைத்து அதிர்வு எங்கே என்று பிடிப்பார். கைக்கு மேலேயே இரும்புக் கட்டையை அணைப்பார். பிறகு கையை உருவிக்கொண்டு "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகுதான் முழு அடி.

இடியின் சுத்தியலில் விளிம்பு பெயர்ந்திருந்தது. அவன் அடித்த குழி ஒவ்வொன்றின் ஓரத்திலும் நகம் பதிந்ததுபோல் ஒரு பிறை விழுந்தது. அரத்தால் ராவிவிடு என்று அண்ணன் சொன்னார். மேடம் தடுத்துவிட்டார்.

"வேணாம்ணா. அவர் கை தனியா தெரியுது பாருங்க, அதுதான் அழகு."

இடிக்குத் தலை கால் புரியவில்லை. "மச்சானுக்குப் பொறாமை மேடம். என் கையெழுத்து விழுது, அவருக்கு விழலையே."

"கையெழுத்து போடுற ஆளப் பாரு. பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்ல" என்றார் அண்ணன்.

மதியம் தங்கை அடுக்குத் தூக்கில் சாப்பாடு கொண்டுவந்தாள். இடி கை கழுவப் போயிருந்தான். அவள் குனிந்தபோது தோளில் துணி விலகியது. கன்றிப்போன ஒரு வட்டம். வட்டத்தின் ஓரத்தில் பிறை.

காலையிலிருந்து அதையே பார்த்த கண் அண்ணனுக்கு.

"என்னடி இது?"

"அலமாரிக் கதவு இடிச்சிருச்சு."

"அலமாரி எப்போ சுத்தியல் பிடிக்கக் கத்துக்கிச்சு?"

அவள் தூக்கின் மூடியைத் திறந்தாள். மறுபடி மூடினாள். "இடுப்புல இன்னும் ரெண்டு இருக்கு. அடுத்தது தலைன்னு சொல்லியிருக்கான்."

"நம்ம வீட்டுக்கு வந்துரு."

"போன தடவ வந்தேனே. உன் வாசல்லயே முடியப் பிடிச்சு இழுத்துட்டுப் போனான். குறுக்க வந்த உனக்குப் பல்லு போச்சு. அந்தக் கையில பிடி இருக்கிற வரைக்கும் எங்க போனாலும் இழுத்துட்டு வருவான்ணா."

அண்ணன் பல் போன இடத்தை நாக்கால் தடவினார். பிறகு சாப்பிட்டார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

சாப்பிட்டபின் ஆள் மாறுவது வழக்கம். அண்ணன் முன்னால் வந்தார். இடியின் சுத்தியலை எடுத்தார்.

"அது என்னுது மச்சான்."

"உன் கையெழுத்துக்குத்தானே கிராக்கி. நான் போட்டுத் தர்றேன்."

இடி சிரித்துக்கொண்டே தகட்டுக்குப் பின்னால் போனான்.

தட்டு. "ம்." அடி. தட்டு. "ம்." அடி. ஒரு வரிசை முடிந்தது. தங்கை தூணோரம் உட்கார்ந்திருந்தாள்.

தட்டு. இப்போது உள்ளங்கை தகட்டில். இப்போது கட்டை அதன் மேல். இத்தனை வருஷப் பழக்கத்தில் அண்ணனுக்கு அது கண்ணால் பார்ப்பதுபோல் தெரியும். "ம்" வரவில்லை. அவர் காத்திருக்கவும் இல்லை.

செம்பு ஓசை எழுப்பவில்லை. ஈரத் துணியை அடித்த சத்தம்.

"மச்சான்! கை! கை சிக்கியிருக்கு!"

"தெரியும்" என்றார் அண்ணன். அதே இடத்தில் மறுபடி அடித்தார். மூன்றாவது அடியில் தகடு கிழிந்தது. கிழிசலில் ரத்தம் வழிந்து குழி குழியாக நிரம்பி இறங்கியது.

கட்டை தரையில் விழுந்தது. இடி தள்ளாடி வெளியே வந்தான். புறங்கை பிளந்து எலும்பு தெரிந்தது. விரல்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்தன. இடது கையால் அவன் அண்ணனின் கழுத்தைப் பிடித்தான். அண்ணன் முழங்காலை அவன் வயிற்றில் ஏற்றினார். விழுந்தவனின் நெற்றியில் சுத்தியலை வைத்தார்.

"அடுத்தது தலையாமே. யாரு தலை?"

இடி அழுதான். அடிபட்ட நாயின் அழுகை.

ஆட்கள் ஓடிவந்து அண்ணனை இழுத்தார்கள். மேடம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். மேஸ்திரி அண்ணனின் காதோரம் குனிந்தார். "கட்டை நழுவிருச்சுன்னு சொல்லிருங்கண்ணா. யாரும் கேக்கப் போறதில்ல."

"நழுவல. நான்தான் அடிச்சேன். போலீசக் கூப்பிடு." அவர் தங்கையைப் பார்த்தார். "கதவு இடிச்சதுன்னு நம்ம வீட்டுல ஒருத்தர் சொன்னது போதும்."

மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்தார். சாவியில் ரத்தம். அவள் முந்தானையில் துடைத்து இடுப்பில் செருகினாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. இடியைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ்காரன் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டான்.

"கூட யாரு வர்றது? சம்சாரம் யாராவது இருக்காங்களா?"

எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, காலித் தூக்கின் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.