தொண்டையில் இறங்கிய காபி

அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அதே வாரத்தில்தான் மாடிப்படிக்கு நேர் கீழே அந்தக் காபிக்கடை திறந்தது. தொண்டையில் கட்டி, அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு கதிர்வீச்சு என்று எல்லாம் பட்டு, வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்காத நிலையில் அவள் வந்திருந்தாள். வயிற்றில் ஒரு குழாய் வைத்திருந்தார்கள். அதில் தங்கை ஊற்றிவிடும் சத்துமாவுப் பால்தான் மூன்று வேளைச் சாப்பாடும்.

கடைக்காரர் கொட்டையைத் தானே வறுப்பவர். காலையில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் போதும், வாசனை மேலே ஏறி வந்து வீட்டில் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும்.

"ஜன்னலைச் சாத்திடட்டுமா அக்கா?"

"இருக்கட்டும் விடு. மூக்காவது குடிக்கட்டும்" என்றாள் அக்கா, கரகரத்த குரலில்.

அக்கா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். பேருந்து நிறையப் பிள்ளைகள் போடும் கூச்சலை ஒரே அதட்டலில் அடக்கிய தொண்டை அது. தங்கை பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் நடத்தினாள். அக்கா காபி குடிக்கும்வரை தானும் காபியைத் தொடுவதில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அழுதுகொண்டே சபதம் போட்டவள். அக்கா அப்போதே, "உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று கையாலேயே ஜாடை காட்டினாள். தங்கை கேட்கவில்லை.

விழுங்கக் கற்றுக்கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு பயிற்சியாளர் இருந்தாள். தங்கை வயதுதான் அவளுக்கு. முதலில் மாவு கலந்து கெட்டியாக்கிய தண்ணீரைக் கொடுத்தாள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இதை வெச்சுச் சுவத்துல போஸ்டர் ஒட்டலாம்" என்றாள்.

"கெட்டியா இருந்தா மெதுவாப் போகும், சமாளிச்சுக்கலாம். தண்ணியா இருக்கறதுதான் மோசம். நீங்க உஷாராகறதுக்குள்ள மூச்சுக்குழாய்ல பூந்துடும். அதனால காபியெல்லாம் கடைசில."

பசைத் தண்ணீர், மசித்த பழம், கஞ்சி என்று மாதங்கள் போயின. பல நாள் புரையேறி முகம் சிவந்து, மூச்சுத் திணறி, கண்ணில் தண்ணீர் கொட்டும். ஒருநாள் அக்கா ஆத்திரத்தில் ஸ்பூனைச் சுவரில் விட்டெறிந்தாள். தங்கை அதை எடுத்துக் கழுவி, மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்து நீட்டினாள். அக்கா முறைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

கடைசியாக ஒருநாள் காலை எக்ஸ்ரே வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். விழுங்கிய மருந்துத் தண்ணீர், திரையில் கருப்புக் கோடாக, போக வேண்டிய வழியில் வழுக்கிக்கொண்டு போனது. பயிற்சியாளர் இரண்டாம் தடவையும் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள்.

"இனிமே எது வேணும்னாலும் குடிக்கலாம்மா. ஆனா சூடு வேண்டாம். சின்ன வாயா எடுத்து, தாடையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கிட்டு, பலமா விழுங்குங்க. விழுங்கினதும் ஒரு வார்த்தை பேசிப் பாருங்க. குரல் கொழகொழன்னு வந்தா தப்பான வழியில போகுதுன்னு அர்த்தம். உடனே நிறுத்திடணும்."

டாக்ஸியிலிருந்து இறங்கியதும் தங்கை மாடிப்படிக்குத் திரும்பினாள். அக்கா காபிக்கடைக்குத் திரும்பினாள்.

"முதல்ல வீட்ல தண்ணி குடிச்சுப் பார்க்கலாம்க்கா."

"வெறும் தண்ணிக்கா இவ்வளவு பாடுபட்டேன்?"

சின்னக் கடை. நாலைந்து மேஜை, புஸ்ஸென்று ஆவி விடும் மெஷின், அதன் பின்னால் கடைக்காரர். தலைமுடியைப் பார்த்துத் தெருவே அவரைச் சுருட்டை என்றுதான் கூப்பிட்டது. தங்கையைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க, வாங்க. எப்பவும் போல பால் தூக்கலாத்தானே?"

தங்கை அவசரமாகச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அக்கா மெதுவாக அவள் பக்கம் திரும்பினாள்.

"எப்பவும் போலன்னா?"

சுருட்டை சட்டென்று ஒரு துணியை எடுத்து, பளபளவென்றிருந்த மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார்.

"பார்லருக்குப் போற வழியில..." தங்கையின் குரல் உள்ளே போனது. "நின்னுக்கிட்டேதான் குடிச்சேன்க்கா. ஒருநாள்கூட உக்காரல."

"நின்னுக்கிட்டுக் குடிச்சா கணக்குல வராதாடி?"

"வாசனை மேல வரைக்கும் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. தங்கைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இத்தனை மாதத்துக்குப் பிறகு அக்கா குடிக்கப்போகும் முதல் காபி என்று தங்கை சொன்னதும் சுருட்டை பதறிப்போனார். கொட்டை அரைக்கும் மெஷினை நிறுத்தினார். கோப்பையைத் தன் கையாலேயே கொண்டுவந்து வைத்தார். ஆறட்டும் என்று மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை விரலால் கோப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "ம், இப்ப சரி" என்றாள்.

அக்கா ஒரு சின்ன வாய் எடுத்தாள். தாடையை இறக்கினாள். கண்ணை இறுக மூடி விழுங்கினாள். மேஜைக்கடியில் தங்கையின் கை அவள் முழங்காலைப் பற்றியிருந்தது. இருமல் வரவில்லை. இன்னொரு முறை வெறும் எச்சிலை விழுங்கினாள். நிமிர்ந்தாள். இனி பேசிப் பார்க்க வேண்டும். சுருட்டை துணியைத் தோளில் போடவும் மறந்து நின்றார்.

"சர்க்கரை பத்தல" என்றாள் அக்கா.

குரல் காய்ந்த மணல் மாதிரி சுத்தமாக வந்தது. ஈரமில்லை, கொழகொழப்பில்லை.

"சர்க்கரையா?" சுருட்டையின் முகம் வாடியது. "இந்தக் கொட்டையோட ருசிக்குச் சர்க்கரையே போடக் கூடாது. நான் யாருக்கும்..."

"சர்க்கரை கொண்டாங்க" என்றாள் தங்கை. கன்னம் முழுக்க நனைந்திருந்தது.

அவர் உள்ளே ஓடித் தன் வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்த டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா தாராளமாகப் போட்டுக் கலக்கினாள். அடுத்த வாயில் முதலில் கசப்புதான் தெரிந்தது. கதிர்வீச்சு அவள் நாக்கைத் தோல் செருப்பாக்கி வைத்திருந்தது. அதற்குப் பின்னால் இனிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது. விழுங்கிய பிறகு, வறுத்த கொட்டையின் வாசனை தொண்டைக்குள்ளிருந்து மூக்குக்கு ஏறியது. இத்தனை மாதமாக வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த வாசனை, இப்போது அவளுக்குள்ளிருந்தே வந்தது.

நடுவில் ஒருமுறை லேசாக இருமினாள். தங்கை பாதி எழுந்துவிட்டாள். அக்கா கையமர்த்தி, மூச்சை நிதானமாக இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, உக்காரு" என்றாள். குரல் தெளிவாகவே இருந்தது. மறுபடி ஒரு வாய், மறுபடி ஒரு வாய் என்று அடி வண்டல் வரை போனாள். காலிக் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று சுருட்டை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வாசனை அளவுக்கு இல்ல" என்றாள் அக்கா. "இன்னொண்ணு போடுங்க. நல்லாப் பழகிட்டுச் சொல்றேன்."

அவர் சந்தோஷமாக மெஷினுக்குத் திரும்பினார். மத்தியானக் கூட்டம் வரத் தொடங்கியது. பார்லரைத் திறக்க நேரமாயிற்று என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். அக்கா நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது கோப்பையையும் சூடு தணியவிட்டு, அவள் அவசரமே இல்லாமல் குடித்தாள். பாதியில் அது முழுக்க ஆறிப்போயிற்று. ஆறிய காபியும் நன்றாகத்தான் இறங்கியது.