ஆட்டுப்பட்டியில் சிக்னல்

வேல்ஸ் மலையில் எங்கள் பண்ணை வீட்டுக்கு இணையம் என்பது பெயருக்குத்தான். ஆடு வாங்கினால் மூன்று நாளுக்குள் அரசுத் தளத்தில் பதிய வேண்டும். அதற்காக என் மனைவி டெலெரி மழையிலும் பனியிலும் போனோடு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான மேட்டு ஆட்டுப்பட்டிக்கு ஏறுவாள்.

வீட்டுக்கு ஒழுங்கான இணைப்புக் கேட்பது சட்டப்படி உரிமை என்று தெரிந்ததும் மனுப் போட்டாள். உங்கள் பகுதியில் மொபைல் சிக்னலே போதும், எங்கள் வரைபடம் அப்படித்தான் காட்டுகிறது என்று கம்பெனி கையை விரித்தது.

"வரைபடத்துலயா நாங்க குடியிருக்கோம்? ஆள அனுப்புங்க," என்று போனில் பிடிபிடியென்று பிடித்தாள்.

இன்ஜினியர் இத்ரிஸ் வந்தார். எங்கள் சமையலறையில் அவருடைய சிக்னல் கருவியின் முள் அசையவே இல்லை. ஆபீசுக்குத் தகவல் சொல்ல அவரும் பட்டிவரை ஏற வேண்டியதாயிற்று. நாங்களும் கூடவே ஏறினோம். மேலே போனதும் அவர் முகம் மலர்ந்தது.

"அக்கா, இங்க அருமையா வருதே."

"வரும் தம்பி. என் ஆடுங்களுக்கு ஒரு குறையும் இல்ல. சட்டம் வீட்டுக்குல்ல குடுக்கச் சொல்லுது? என் வீடு அதோ கீழ இருக்கு."

வீட்டில் சிக்னல் இல்லை என்று இத்ரிஸ் அறிக்கை எழுதி, ஆடுகளுக்கு நடுவில் நின்றே அனுப்பினார். நான் டெலெரிக்குப் பின்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கினேன்.