பதினெட்டு அடிச் சரிவு

தச்சர் ஜெபம் பண்ண எழுந்தால், ஆமென் வருவதற்குள் முன்வரிசைக் கைக்குழந்தைக்கு இரண்டு பல் முளைத்துவிடும். மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் ஒரே ஜெபம்தான்: "ஆண்டவரே, நடக்க முடியாத என் அக்கா இந்த ஆலயத்துக்குத் திரும்ப வர வழி செய்யும்!"

வழியை மறித்து நின்றவை வீட்டு வாசலின் மூன்றே படிகள். முன்பெல்லாம் அக்காவைச் சக்கர நாற்காலியோடு அவரே தூக்கி இறக்குவார். முதுகு பிடித்துக்கொண்டதிலிருந்து அதுவும் நின்றது. "மரத்துல ஒரு சரிவு அடிச்சுத் தரேங்க்கா. நீ பாட்டுக்கு உருண்டு போலாம்" என்று அப்போது வாக்குக் கொடுத்தார். பலகை வாங்கி வீட்டுப் பின்பக்கம் அடுக்கியும் வைத்தார். ஊர்ப் பூனைகள் அத்தனையும் அதன்மேல்தான் பிரசவம் பார்த்துக்கொண்டன. 'நாளைக்கு' என்பதே தச்சருக்குப் பட்டப்பெயராயிற்று.

போன மாதம் மருத்துவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "அக்காவுக்கு ஒரு மாசம்... மிஞ்சினா ரெண்டு" என்றார்.

அன்று கட்டிலருகே மண்டியிட்டு, தச்சர் வழக்கமான நீளத்தில் ஜெபத்தைத் தொடங்கினார். அக்கா பாதியிலேயே அவர் காதைத் திருகினாள்.

"ஏண்டா, ஆண்டவரும் தச்சு வேலை பாத்தவருதானே? அவருகிட்டயே போய் மரவேலைய ஒப்படைக்கிறியே, வெக்கமா இல்ல?"

"ஆரம்பிக்கணும்னு நெனச்சாலே கை ஓட மாட்டேங்குதுக்கா."

"அப்ப சின்னதா கேளு. இன்னிக்கு ஒரு பலகை, அவ்வளவுதான். நாளையப் பத்தி அவருகிட்டயும் பேசாத, என்கிட்டயும் பேசாத."

கேட்டார். "ஆண்டவரே, இன்னிக்கு ஒரு பலகை." தச்சர் வாயிலிருந்து இத்தனை சின்ன ஜெபமா என்று தேவதூதர்கள் மயங்கி விழுந்திருப்பார்கள்.

மூன்று படியும் சேர்ந்து பதினெட்டு அங்குலம்; நாற்காலி உருள, ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் வேண்டும். பதினெட்டு அடிக்குச் சட்டம் கூட்டினார். பிறகு தினமும் காலையில் வாசலில் நின்று அதே ஜெபம், ஒரே பலகை. அதற்குமேல் குனிந்தால் முதுகு ஊரைக் கூட்டும். பலகைக்கு நாலு ஆணி. அக்கா உள்ளே படுத்தபடி சத்தத்தை எண்ணுவாள். ஒன்று குறைந்தாலும் "நாலாவது எங்கடா?" என்று குரல் வந்துவிடும்.

இருபது பலகை முடிந்திருந்தது. மறுநாள் அக்காவை நாற்காலியில் உட்கார வைத்தபோது, ஈரத்துணி போலச் சரிந்தாள். இனி உட்கார முடியாது. அவளைக் கட்டிலில் கிடத்திவிட்டு, தச்சர் சுத்தியலைத் தொடாமல் வாசலிலேயே அமர்ந்தார்.

"என்னடா, சத்தத்தையே காணோம்?"

"இனிமே யாருக்குக்கா?"

"எனக்குத்தான். எப்படியும் என்னைச் சர்ச்சுக்குக் கொண்டு போவாங்கல்ல? பெட்டிய மூணு படியிலயும் மூட்ட மாதிரி குலுக்கி இறக்கவா இவ்வளவு ஆணி அடிச்ச? நான் அலுங்காமப் போகணும்டா."

தச்சர் எழுந்து கட்டிலருகே வந்தார். "மூணு வருஷத்த வீணடிச்சிட்டேங்க்கா."

"ஆமா" என்றாள் அக்கா. தம்பியாயிற்றே என்று மழுப்பவில்லை. "இன்னும் நாலு பலகை இருக்கு."

அவர் வெளியே வந்தார். கண்ணை மூடினார். "இன்னிக்கு ஒண்ணே ஒண்ணு ஆண்டவரே." பலகையை வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று ஆணி இறங்கின. நாலாவதை விரலிடுக்கில் பிடித்தபடி, மூச்சை அடக்கிக் காது கொடுத்தார்.

உள்ளே வெகுநேரம் ஒன்றுமே இல்லை. பிறகு, நூல் போல ஒரு குரல்.

"நாலாவது?"

அடித்தார்.