சிவப்பு வழியில் பிச்சமுத்து

திருவெறும்பூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர் பிச்சமுத்து. மயிரிழை விரிசல் இருந்தால்கூட உருப்படியைத் திருப்பி அனுப்பிவிடுவார். காட்டூரில் அவர் வாடிக்கையாகப் போகும் காய்கறிக் கடைக்காரர், அவருக்கென்றால் கத்தரிக்காயைத் தானே ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தராசில் போடுவார்.

சிங்கப்பூரில் மகள் மகாலட்சுமி வீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டு மனைவி ஆனந்தவள்ளியுடன் ஊர் திரும்பினார். கிளம்புவதற்கு முந்தின நாள், இந்தியாவுக்குள் எதைக் கொண்டுபோகலாம், எது கூடாது என்பதை மகளிடம் அச்செடுத்து வாங்கி அடிக்கோடிட்டுப் படித்தார். பிறகு ஆனந்தவள்ளியின் பெட்டியைக் கவிழ்த்தார். ரம்புத்தான் பழமும் பூ விதைப் பொட்டலமும் வெளியே போயின. மிச்சத்துக்கு ஒரு பட்டியல் எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டார்.

திருச்சி விமான நிலையத்தில் எல்லாரும் சுங்கத்தில் சொல்ல ஒன்றுமில்லாதவர்களுக்கான பச்சை வழியில் போய்க்கொண்டிருக்க, பிச்சமுத்து சாமான் வண்டியை, கொண்டுவந்ததைச் சொல்லிவிட்டுப் போகவேண்டியவர்களுக்கான சிவப்பு வழிக்குத் திருப்பினார்.

"இங்க எதுக்குங்க? நம்மகிட்ட என்ன இருக்கு?" என்றாள் ஆனந்தவள்ளி.

"இருக்கோ இல்லையோ, சொல்லிட்டுப் போறதுதான் முறை."

சுங்க அதிகாரி அறிவுமதி இளம்பெண். பட்டியலை வாங்கிப் படித்தாள். கோடாலித் தைலம் பன்னிரண்டு, டார்ச் லைட் ஒன்று, துவாலை நான்கு, பிஸ்கட் டின் இரண்டு, அதில் ஒன்று லேசாக நசுங்கியது.

"சார், இதுக்கெல்லாம் வரி கிடையாது. நீங்க அந்தப் பக்கமே போயிருக்கலாம்."

"பார்க்காமலே எப்படிம்மா சொல்றீங்க? எழுதினதுதான் உள்ள இருக்குன்னு என்ன நிச்சயம்?"

"நீங்கதானே சார் எழுதினீங்க."

"யார் எழுதினா என்ன? திறந்து பாருங்க."

ஆனந்தவள்ளி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "போகச் சொல்றாங்கல்ல, வாங்க. எனக்குத் தலை சுத்துது."

அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தன் பையைத் தானே திறந்து, ஒவ்வொன்றாக எண்ணி மேசைமேல் அடுக்கினார். அடியில் அவருடைய கைலி, கைலிக்கு இருக்கவேண்டிய பருமனைவிட அதிகமாக உருண்டிருந்தது. பிரித்தார். ஈரச் செய்தித்தாளுக்குள் வேரும் பாசியுமாக ஒரு சின்னச் செடி.

"இது பட்டியல்ல இல்லையே சார்," என்றாள் அறிவுமதி.

பிச்சமுத்து இரண்டாம் பிரதியையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் இல்லை. திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் சுவரிலிருந்த விளம்பரத்தை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதமும் சாயங்காலமானால் அவள் பக்கத்து வீட்டுப் பூந்தொட்டிகளுக்கு எதிரே போய் நின்றது அவர் நினைவுக்கு வந்தது.

"அனுமதி இல்லாம செடி கொண்டுவரக் கூடாது சார். யார் வச்சது?"

"நான்தாம்மா. எழுத விட்டுப்போச்சு." இதைச் சொல்லும்போது அவருக்குக் காது சூடேறியது.

"என்ன செடி?"

"பூச்செடி."

"என்ன பூ?"

"பூத்தாத்தான் தெரியும்."

ஆனந்தவள்ளிக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்து வந்தாள். "ஆர்க்கிட்டுங்க, வெளிர் ஊதா. பக்கத்து வீட்டு ஷரபுன்னிசா அக்கா ஆசையா குடுத்தாங்க. நான்தான் வச்சேன். இவருக்குக் கறிவேப்பிலைக்கும் அரளிக்கும் வித்தியாசம் தெரியாது."

அறிவுமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு செடியை எடுத்து வைத்தாள். நோய் பூச்சி வரும் என்பதால் திருப்பித் தர முடியாது என்று பொறுமையாகச் சொன்னாள். ஒப்படைத்ததாக ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். இருவருமே போட்டார்கள்.

டாக்ஸி டோல்கேட் தாண்டியதும் பிச்சமுத்து கேட்டார்: "அதை ஏன் என் பையில வச்ச?"

"என் பெட்டியைத்தான் கவுத்துப் பார்த்தீங்க. உங்க பையை நீங்க பார்க்கவே இல்லையே."

அவர் பையை மடியில் வைத்துத் திறந்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவராகவே ஆனந்தவள்ளியை ஸ்ரீரங்கத்தில் செடிகள் விற்கும் ஒரு நர்சரிக்கு அழைத்துப் போனார். நிழல்வலைக்குக் கீழே ஆர்க்கிட் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் இலையையும் திருப்பிப் பார்த்து, ஒன்றுமே சரியில்லை என்றார். அவள் காதில் வாங்காமல் வெளிர் ஊதாவில் ஒன்றை எடுத்துக்கொண்டாள். காட்டூர் வரைக்கும் பஸ்ஸில் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தது அவர்தான்.