இடதுகைச் சமையலறை

வார்டன் வருவதற்கு ஒரு வாரம் முன்பே என் சமையலறையை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டேன்.

வார்டன் என்பது என் நாத்தனார். ஒரு மகளிர் விடுதியில் நிஜமாகவே வார்டன். எங்கள் வீட்டிலும் அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. வருடக் கடைசி விடுமுறையில் என் மாமியார், நாத்தனார், அவர் கணவர், பிள்ளைகள் எல்லோரும் எங்கள் வீட்டில்தான் கூடுவார்கள்.

போன வருடம் வந்து இறங்கிய கையோடு என் சமையலறைக்குள் நுழைந்து, டப்பாக்களை எல்லாம் தன் வசதிக்கு இடம் மாற்றினார். அதைக்கூட விட்டுவிடலாம். சாப்பாட்டு மேஜையில் நான் சூப் ஊற்றப் போனபோது என் இடது கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கி, "பீச்சாங்கையால பரிமாறாதடி, குமட்டிக்கிட்டு வருது. நீ உக்காரு" என்றார். மேஜையே சிரித்தது. என் கணவரும் சிரித்தார். விழுந்து விழுந்து சிரிக்கவில்லை, லேசாகத்தான் சிரித்தார். அந்த லேசான சிரிப்பைத்தான் ஒரு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்தேன்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த மாத்திரையை எந்தத் தட்டில் வைத்தால் கை தானாகப் போகும் என்பது எனக்குத் தெரியும். இத்தனை வருடமும் வலதுகைக்காரர்களுக்காக அமைத்த சமையலறையில் முழங்கையை இடித்துக்கொண்டுதான் சமைத்தேன். இந்த முறை ஒவ்வொரு சாமானையும் என் கைக்குத் திருப்பினேன். இடதுகைக்காரர்களுக்கென்றே செய்த கத்தரிக்கோல், தோல் சீவி, டின் திறப்பான் எல்லாம் தேடி வாங்கினேன். மூக்கு ஒரு பக்கம் மட்டும் உள்ள சூப் கரண்டி ஒன்றும் கிடைத்தது. வலது கையில் அதைப் பிடித்து ஊற்றினால் சூப் கிண்ணத்தில் விழாது, மேஜை விரிப்பில் விழும். பாத்திரம் காயவைக்கும் கூடையைத் தொட்டியின் மறுபக்கம் நகர்த்தினேன். பழைய சாமான்களைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றினேன்.

என் கணவர் பிரிட்ஜ் மெக்கானிக். எங்கள் பிரிட்ஜ் கதவை எதிர்ப்பக்கம் திறக்கும்படி மாற்றி மாட்டச் சொன்னேன்.

"இப்போ எதுக்கு இது?"

"விருந்தாளிங்க வர்றாங்கல்ல. இந்தத் தடவையாவது டென்ஷன் இல்லாம இருக்கணும்னு பாக்குறேன்."

"நல்ல ஐடியாதான்" என்று விசிலடித்தபடியே கீல்களைக் கழற்றினார். யாருக்கு டென்ஷன் இருக்கக் கூடாது என்று அவர் கேட்கவில்லை.

என் ஆசை ஒன்றுதான். வார்டன் என் சமையலறையில் தட்டுத்தடுமாறி, எல்லோர் காதிலும் விழும்படி என்னிடம் வந்து கெஞ்ச வேண்டும்.

வந்தார்கள். வார்டன் பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

"நீ போய் ஹாலில் உக்காரு. மதியச் சாப்பாட்டை நான் பாத்துக்கறேன்."

"உங்க இஷ்டம் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சோபாவில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன். என் கல்யாணத்தன்றுகூட நான் இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை.

முதலில் பிரிட்ஜ் கதவு எதன்மீதோ இடித்தது. பிறகு ஏதோ உருண்டது. "ஐயோ" என்று ஒரு குரல். உதவப் போன மாமியார், திறக்காத டின்னோடு திரும்பி வந்தார்.

"என்னம்மா இது, எப்படிச் சுத்துனாலும் வழுக்குது?"

"மெதுவா சுத்துங்க அத்தை, வந்துடும்."

பால் பாக்கெட்டை வெட்டப் போன நாத்தனார் கணவர், கத்தரிக்கோலை மேலும் கீழும் பார்த்தார். "இது வெட்டுமா, சும்மா மெல்லுமா?"

"உங்களுக்கு இல்லாத திறமையா அண்ணா" என்றேன். எனக்கு உள்ளுக்குள் அப்படி இனித்தது.

அப்புறம் சமையலறையில் சத்தமே இல்லை. எந்த நிமிடமும் வந்து நிற்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. பொறுக்க முடியாமல் எழுந்து போய்ப் பார்த்தேன்.

வார்டன் எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். கேரட் தோல் தொட்டிக்குள் சரம் சரமாக விழுந்துகொண்டிருந்தது. அவ்வளவு வேகமாக நான்கூடச் சீவியதில்லை. இடது கையால் சீவிக்கொண்டிருந்தார்.

என் காலடி கேட்டதும் சீவி சட்டென்று வலது கைக்குத் தாவியது.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"அம்மாகிட்ட சொல்லிடாத." வார்டனின் குரல் இல்லை அது. விடுதியில் மாட்டிக்கொண்ட பெண்ணின் குரல். "சின்ன வயசுல இந்தக் கையைத் துணியால நாற்காலியோட கட்டி வச்சாங்க. சாப்பிடறப்போ, எழுதறப்போ எல்லாம். உன் புருஷனுக்குத் தெரியாது, அவன் அப்போ கைக்குழந்தை."

"அதுக்கு நான் என்ன பண்ணேன்? என்னை எதுக்கு அண்ணி அத்தனை பேர் முன்னால அப்படிச் சொன்னீங்க?"

அவர் கேரட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ பாட்டுக்கு ஜம்முனு அந்தக் கையால ஊத்துற. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு."

எனக்குப் பரிதாபம் வந்தது. வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பினேன். ஒரு வருடம் காத்திருந்தவள் நான்.

"இன்னிக்கு சூப்பை நீங்கதான் ஊத்தணும். அந்தக் கையால. போன வருஷம் சொன்னது தப்புன்னு அதே மேஜையில சொல்லணும்."

"சாவுறதுக்குச் சமம்டி அது."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"முடியாது."

நான் ஹால் பக்கம் திரும்பினேன். "அத்தை! இங்க கொஞ்சம் வாங்களேன். அண்ணி காய் சீவுற அழகைப் பாருங்க!"

ஹாலிலிருந்து செருப்புச் சத்தம் நெருங்கியது. வார்டன் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். சீவி வலது கையில்தானே இருந்தது, அப்படியே வைத்திருந்தாலே போதும். ஆனால் மாமியாரின் தலை வாசலில் தெரிந்த நொடியில் அதை இடது கைக்கு மாற்றினார். அடுத்த கேரட்டை எடுத்தார்.

மாமியார் நின்ற இடத்திலேயே நின்றார். "என்னடி இது?"

"கேரட்மா."

"கையைக் கேட்டேன்."

"நீ கட்டி வச்ச கைதான். அவுந்துடுச்சு."

மாமியார் திரும்பிப் போனார். நான் போட்டிருந்த கணக்கில் இந்த வரி இல்லை. என் பழிக்குள் நுழைந்து வார்டன் தன் பழியையும் தீர்த்துக்கொண்டுவிட்டார்.

இருந்தாலும் என் பங்கு பாக்கி இருந்தது. சாப்பிட உட்கார்ந்தோம். வார்டன் சூப் கரண்டியை இடது கையில் எடுத்தார். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் கிண்ணங்கள் நிறைந்தன. என் கணவர் தன் அக்காவின் கையைப் பார்த்து, பழக்கதோஷத்தில், லேசாகச் சிரித்தார்.

"சிரிக்காதடா" என்றார் வார்டன். "போன வருஷமும் இப்படித்தான் பல்லைக் காட்டுன."

என் கணவர் பல்லை மூடிக்கொண்டார்.

வார்டன் சூப் பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னார்: "போன வருஷம் நான் சொன்னது தப்பு."

"யார்கிட்ட சொல்றீங்க அண்ணி, சூப்கிட்டயா?"

நாத்தனார் கணவருக்குப் புரையேறியது. வார்டன் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். "உன்கிட்டதான் சொல்றேன். தப்பு. போதுமா?"

"போதாது. ஆனா சூப் நல்லா இருக்கு."

நான் நினைத்திருந்த அளவுக்கு அது இனிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் போதுமான அளவு இனித்தது. இரண்டாவது கிண்ணமும் வாங்கிக் குடித்தேன். மாமியார் குனிந்தபடியே தன் கிண்ணத்தைக் காலி செய்தார்.

மிச்சம் இருந்தது என் கணவர். சாப்பிட்டு முடித்ததும் அத்தனை பாத்திரத்தையும் அவர் தலையில் கட்டினேன். அவர் மறுக்கவில்லை. கழுவிய தட்டை வழக்கமான பக்கம் நீட்டி நீட்டிப் பார்த்ததில், அங்கே கூடை இல்லாமல், தண்ணீர் முழுக்கச் சட்டையில் வடிந்தது.

"இந்தக் கூடையை யாரு இந்தப் பக்கம் வச்சது?"

"இது என் சமையலறை. நான்தான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தான் மாற்றி மாட்டிய பிரிட்ஜ் கதவைப் பார்த்தார். கத்தரிக்கோலைப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரிவது முகத்தில் தெரிந்தது.

"ஒரு வருஷமாவா?" என்றார் தாழ்ந்த குரலில். "அன்னிக்கே என்னைத் திட்டியிருக்கலாம்ல."

"அன்னிக்கே நீங்க சிரிக்காம இருந்திருக்கலாம்ல."

பழைய சாமான் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கட்டுமா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. அடுத்த தட்டை எடுத்துக் கழுவி, யோசித்து யோசித்து, சரியான பக்கத்தில் வைத்தார்.