படம் இல்லாத பாட்டு

தாராவி தொண்ணூறடி சாலையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை வைத்திருந்த இனாயத்துல்லாவுக்கு, அந்த ஜப்பான்காரனைப் பார்த்ததுமே சந்தேகம் தட்டியது. செம்பூர் தொழிற்சாலை ஒன்றுக்கு இயந்திரம் பூட்ட வந்தவனாம், பெயர் மொரிதா. அவன் நீட்டிய கேசட்டில் கம்பெனிப் பெயர் இல்லை, விலை இல்லை. அட்டையில் பேனாவால் வரைந்த ஒரு பூனை. இதே போல இருபது போட்டுத் தர வேண்டுமாம்.

"கிஸ் ஃபிலிம் கா?" எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டார் இனாயத்துல்லா.

"நோ ஃபிலிம்."

"சாமிப் பாட்டா? காட் சாங்?"

"நோ காட். மை சாங்."

மொரிதா நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். பாதி இந்தியும் பாதி இங்கிலீஷுமாக அவன் விளக்கியது இதுதான்: ஊரில் நாலு நண்பர்கள், வேலை முடிந்ததும் ஓர் அறையில் கூடிப் பாடுவார்கள். தாங்களே ஐம்பது கேசட் போட்டு, தங்களைப் போன்றவர்கள் கூடும் இடத்தில் மேசை போட்டு விற்பார்கள். லாபம் கிடையாது. மிஞ்சியது இது ஒன்றுதான். கூட வேலை பார்ப்பவர்கள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள்.

லாபமில்லாமல் எவனாவது கேசட் போடுவானா? படமும் இல்லாமல் சாமியும் இல்லாமல் ஒரு பாட்டா? இனாயத்துல்லாவின் காதில் பூச் சுற்ற முடியாது. போன வருஷம்தான் திருட்டுப் பதிவு என்று போலீஸ் வந்து மெஷின்களை அள்ளிக்கொண்டு போய், கடை நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. இன்னொரு தடவை பூட்டு விழுந்தால் திறக்க வழியே இல்லை.

"தும்ஹாரா கானா? தோ காவோ!" என்றார். உன் பாட்டென்றால் பாடு.

மொரிதா கூச்சமில்லாமல் நின்றபடியே பாடினான். கனத்த, கரகரத்த குரல். பிறகு கேசட்டை மெஷினில் போட்டால், மெட்டு அதேதான். குரலோ மீசை முளைக்காத பையனின் கீச்சுக் குரல். மொரிதாவே திடுக்கிட்டான்.

"ஃபாஸ்ட்! மெஷின் ஃபாஸ்ட்!"

நாளைக்குத் தன் பிளேயரைக் கொண்டுவந்து காட்டுவதாகச் சொல்லி, கேசட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

பக்கத்து டீக்கடைத் தங்கபாண்டி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "பாய், தாதர்ல இப்படித்தான் ஒருத்தன் ஒரிஜினலைக் கடையில வச்சிட்டுப் போனான். மறுநாள் போலீஸோட வந்து நின்னான், பாத்துக்கிடுங்க."

"எனக்கும் அதாம்வே தோணுது. குரலே அவன் குரல் இல்லியே!"

வெறுங்கேசட் வைத்திருந்தால் யாரும் பிடித்துப் போக முடியாது. இனாயத்துல்லா மேலே எதுவும் பதிய முடியாதபடி கேசட்டின் முதுகில் உடைத்து விட்டிருந்த இரண்டு ஓட்டைகளிலும் காகிதத்தைத் திணித்து, பதிவுப் பொத்தானை அழுத்தி இரண்டு பக்கமும் வெறுமனே ஓட்டி, பாட்டைச் சுத்தமாக அழித்தார். காகிதத்தையும் மறக்காமல் பிடுங்கி எறிந்தார். அப்புறம்தான் அவருக்கு டீ உள்ளே இறங்கியது.

மறுநாள் மொரிதா தனியாக வந்தான். இனாயத்துல்லா தெருமுனை வரை எட்டிப் பார்த்தார். காக்கிச் சட்டை ஒன்றுகூட இல்லை.

கடையில் இருந்த ஒரு கம்பெனிக் கேசட்டை எடுத்து, மொரிதா முதலில் தன் சின்ன பிளேயரில் போட்டான், பிறகு அவருடைய மெஷினில். பாடகரின் குரல் சட்டென்று மெலிந்து ஓடியது. இனாயத்துல்லாவுக்குச் சுருக்கென்றது. ஒரு கேசட்டில் பன்னிரண்டு பாட்டுக்குப் பதில் பதினாலு அடைக்க, பாட்டு சீக்கிரம் ஓடி முடியட்டும் என்று அவரே ஸ்க்ரூடிரைவரால் முடுக்கிவிட்ட மெஷின் அது. கேட்டுக் கேட்டு அந்த வேகமே அவர் காதுக்குச் சரியாகிப் போயிருந்தது.

மொரிதா சிரித்துக்கொண்டே பூனைக் கேசட்டைத் தன் பிளேயரில் போட்டான். வெறும் இரைச்சல். திருப்பிப் போட்டான். அதே இரைச்சல். பிளேயரைத் திறந்து சட்டை நுனியால் துடைத்து மறுபடி போட்டான். பிறகு இடுப்பு வரை குனிந்தான்.

"சாரி. பேட் டேப். மை மிஸ்டேக்."

அவரைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவே இல்லை. இனாயத்துல்லாவுக்கு வெட்கமாக இருந்தது. மொரிதா கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான்.

இனாயத்துல்லா ஸ்க்ரூடிரைவரை எடுத்து, வேகத்தைக் குறைக்க மெஷினின் மூடியைக் கழற்றினார்.

"ரெய்டு வரலியா பாய்?" என்றான் தங்கபாண்டி.

"வந்துட்டுப் போயாச்சுவே," என்றார். "மெஷினை மட்டும் விட்டுட்டான்."