குடத்துப் பூண்

கங்கம்மாவால் வலது கையைத் தூக்கிக் கொண்டை போட முடியவில்லை. தோள்பட்டை கல்லாக இறுகிக் கிடந்தது. நேற்று ஆரணியாற்றங்கரைக் கிணற்றில் நாலு டிரம் தண்ணீரைத் தனியாளாக இறைத்து வண்டியில் ஊற்றியிருந்தாள். இன்றும் இறைத்தாக வேண்டும். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த கம்பெனிப் பக்கம் நிலத்தடியெல்லாம் உப்பு. குடிக்க இந்தத் தண்ணீர்தான். அதில் கால்வாசியை வழியில் ரோடு குடித்தது.

பழைய வெளிநாட்டுக் காரின் பின்பக்கத்தை அறுத்துத் தொட்டி கட்டி, பிக்கப் ஆக்கியிருந்தான் அவள் புருஷன் பரசுராமன். பாரம் தாங்க லாரியின் பட்டை ஸ்பிரிங்குகளைப் பின்னால் சேர்த்தான். பின்பக்கம் தூக்கிக்கொண்டது. முன்னால் சுருள் ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்து, மூக்கு தரையைப் பார்த்து நின்றது. நாலு டிரம் ஏற்றினாலும் அப்படித்தான். தண்ணீர் முன்விளிம்பில் வழியும். கம்பெனி ஸ்டோர்காரரோ பின்னால் நின்று பின்விளிம்பில்தான் அளவுக்குச்சியை விடுவார். குச்சியில் போட்ட கோட்டுக்கு நாலு விரல் குறையும்.

"ரோட்டுக்குத் தண்ணி தெளிக்கவா கம்பெனி துட்டு குடுக்குது?" என்று நேற்று கேட்டார். "நாளைக்கும் கோடு தொடலன்னா அப்பிடியே திருப்பிக்கினு போ. வேற ஆளு ரெடியா கீறான்."

விடிந்ததும் மெக்கானிக் பாக்கியராஜின் கொட்டகையில் வண்டி நின்றது. அவன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தான்.

"பட்டைய உருவுனா டயரு தொட்டில உரசும். முன்னாடிதான் தூக்கணும். ஸ்பிரிங்கு தலைமேல ரெண்டு விரல் கனத்துல வளையம் வெச்சா சமமா நிக்கும். மெட்ராஸ்ல கடைஞ்சி வர ஒரு வாரம் ஆவும்."

"ரெண்டு மணிக்கு கம்பெனி கேட்டுல நிக்கணும்பா," என்றான் பரசுராமன்.

கங்கம்மா ஸ்பிரிங்கின் தலையைச் சாணால் அளந்துகொண்டு அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். கம்பெனிக்கு முதலில் தண்ணீர் ஓட்டியது அண்ணன் துளசிராமனின் மாட்டுவண்டிதான். பிக்கப் வந்ததும் அந்த நடை போயிற்று. பொங்கலுக்குக்கூட அவன் தங்கச்சி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அங்கே நின்ற மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்குடத்தை அவள் பார்த்தாள். மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடித்திருந்த இரும்புப் பூணைச் சாணால் அளந்தாள். சரியாக இருந்தது.

"நடைய புடுங்கினது பத்தாதுன்னு சக்கரத்தையும் புடுங்க வந்துட்டியா?"

"இந்த கம்பெனி போச்சின்னா அடுப்பு எரியாதுண்ணா. ரெண்டே ரெண்டு பூணு."

"நாளான்னிக்கு எனக்கு நெல்லு நடை கீது."

"அதுக்குள்ள கொண்டாந்து குடுத்துடறேன்."

துளசிராமன் அவள் தோளைப் பார்த்தான். "இன்னா வீங்கிக் கீது? உங்க ஊட்டு மொதலாளிக்கு இறைக்க ஆளு கெடைக்கலியா?" என்றவன் சுத்தியலை எடுத்து, ஒரு சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு பூணையும் தானே தட்டிக் கழற்றினான்.

பாக்கியராஜ் ஜாக்கி வைத்து, ஸ்பிரிங்கைச் சங்கிலியால் இறுக்கினான். "தள்ளி நில்லுங்க, அவுந்துச்சின்னா தலை மிஞ்சாது." பூண்கள் ஸ்பிரிங்கின் தலையில் போய் உட்கார்ந்தன. ஜாக்கி இறங்கியது. முன்னும் பின்னும் சமமாக நின்ற வண்டியைப் பார்த்த பிறகுதான் கங்கம்மாவுக்குத் தான் சொன்ன வார்த்தை உறைத்தது. பூணை எடுத்தால் மூக்கு மறுபடியும் இறங்கும். அவசரத்தில் அதை அவள் யோசிக்கவே இல்லை. போய்க் கேட்டதற்கு, புதிது அடிக்கப் பத்து நாள் ஆகும் என்றான் ஊர்க் கொல்லன்.

அன்று தண்ணீர் குச்சியின் கோட்டைத் தொட்டது. "நாளையிலேர்ந்து ரெண்டு நடை," என்றார் ஸ்டோர்காரர்.

மூன்றாம் நாள் காலை, பரசுராமன் வண்டியைக் கிளப்பினான். தண்ணீர் நிறைந்த டிரம்களுக்கு நடுவே கங்கம்மா உட்கார்ந்திருந்தாள். களத்துமேட்டுத் திருப்பத்தில், நெல் மூட்டைகளோடு துளசிராமனின் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பூணுக்குப் பதிலாகக் குடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த தேங்காய்நார்க் கயிறு அறுந்து தொங்கியது. மரத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. அவன் நிமிர்ந்து பார்த்தான். பரசுராமன் ஹாரன் அடித்தான். அவிழ்த்துவிட்டிருந்த மாடுகள் ஒதுங்கின. டிரம்களில் தண்ணீர் தளும்பாமல் நின்றது.

அண்ணனுக்கு இரண்டு பூண் பாக்கி.